பிஸ்கட் டின்னில் கிடைத்த ஜப்பானிய வாள் காப்பு: யார் செய்தது, எவ்வளவு பழசு?

செங்காங் வேணி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் காசு, அஞ்சல்தலை, பித்தளைப் பாத்திரம் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. என் கேள்வி கொஞ்சம் விலகியது, ஆனாலும் யாருக்காவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பெரியப்பா போன வருடம் தவறிவிட்டார். ஈசூன் வீட்டைக் காலி செய்து பெரியம்மாவை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அலமாரி மேல்தட்டில் ஒரு பழைய கோங் குவான் பிஸ்கட் டின், அதில் சாவிக்கொத்து, மலாயா காசு, கட்டுக்கட்டாக ரசீது, எல்லாவற்றுக்கும் அடியில் வேட்டித் துணியில் சுற்றிய ஓர் இரும்பு வட்டு. உள்ளங்கை அளவு இருக்கும். குறுக்களவு 7.6 செமீ, விளிம்பில் கனம் 5 மிமீ, சமையல் தராசில் வைத்தேன், 96 கிராம். ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் காப்பு, அதன் பெயர் ட்சுபா என்பது வரை நானே தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை.

நடுவில் ஆப்பு வடிவத்தில் ஓர் ஓட்டை. அதன் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு ஓட்டைகள், ஒன்று பாதி நிலா மாதிரி, மற்றதற்கு நடுவில் ஒரு புடைப்பு. சுற்றிலும் வெற்றிலை போல இலைகள், நரம்புகூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள், இலைக்கும் இலைக்கும் நடுவே வெட்டி எடுத்து வெளிச்சம் தெரிகிறது. கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பச்சைப்பயறு அளவுக்குச் சிவப்புத் துரு. ஒரு முகத்தில் நடு ஓட்டைக்கு இருபுறமும் மும்மூன்று எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. எந்தப் பக்கம் மேலே என்றே எனக்குத் தெரியவில்லை, அதனால் படம் தலைகீழாக இருந்தாலும் மன்னிக்கவும். ஒன்று மட்டும் கவனித்தேன். இரண்டு வரிசையிலும் ஒரு முனையில் இருக்கும் எழுத்தின் பாதி ஒரே மாதிரி இருக்கிறது.

சித்தப்பா சொல்லும் கதை: ஜப்பான்காரன் காலத்தில் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது, ஓர் அதிகாரி சரணடைவதற்கு முந்தைய நாள் தன் வாளிலிருந்து கழற்றிக் கொடுத்தாராம். பெரியம்மா அப்படி எதுவும் கேட்டதில்லை என்கிறார்.

யார் செய்தது, எவ்வளவு பழசு என்று சொல்ல முடியுமா? இன்னொன்று, கொஞ்சம் அவசரம். தீபாவளிக்கு விளக்கு துலக்கும்போது இதையும் புளி போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார் பெரியம்மா. இப்போதைக்கு ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூரோங் செல்வம்:

வேணி, உங்கள் சித்தப்பா சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. 1942 பிப்ரவரி 15இலிருந்து 1945 செப்டம்பர் 12 வரை நம் சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் வைத்த பெயர் சியோனான், அதிகாரிகள் எல்லார் இடுப்பிலும் வாள் இருந்தது, சரணடைந்தபோது வாள்களை வரிசையாக வைத்துவிட்டுப் போன படங்களை நாம் எல்லாரும் பள்ளிப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறோம். அதில் ஒன்றின் பாகமாக இருக்கலாம், அப்படியானால் வயது எண்பதுக்குச் சற்று மேல். துருவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். வன்பொருள் கடையில் துரு நீக்கும் திரவம் கிடைக்கிறது, ஒரு மணி நேரம் ஊற வைத்தால் புதுசு போல வந்துவிடும். என் மோட்டார்சைக்கிள் பாகங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இரும்புப் பித்தன்:

வேணி, முதல் வேலையாக இதைப் படியுங்கள்: திரவம் வேண்டாம், புளி வேண்டாம், எலுமிச்சை, வினிகர், உப்புத்தாள், கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். செல்வம் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், மோட்டார்சைக்கிளுக்கு அது சரி. இங்கே அந்தக் கறுப்பு நிறமே பொருளின் பாதி. செய்தவர் இரும்பை வேண்டுமென்றே பக்குவப்படுத்திக் கொண்டுவந்த மேல்தோல் அது, அதன்மேல் நூறு இருநூறு வருடம் கை பட்டும் காற்று பட்டும் ஆழமேறியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஊறினால் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு மிஞ்சும், வயதைச் சொல்ல எதுவும் அதில் இருக்காது, திரும்ப வரவழைக்கவும் முடியாது. பெரியம்மாவிடம் நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

இனி பொருளுக்கு வருவோம். நான் பதினைந்து வருடமாக ட்சுபா பார்த்து வருகிறேன். முதல் மூன்று வருடம் பெயரைப் பார்த்து வாங்கிக் காசைத் தொலைத்தவன். நொபுயியே என்று பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய கைவினைஞர் ஒருவர் இருந்தார், அவர் பெயர் வெட்டிய ஒன்றை அரைமாதச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். அவர் பெயரை அவருக்குப் பிறகு வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பதை வாங்கிய பிறகுதான் படித்தேன். ஜப்பானில் கையொப்பத்துக்கு மெய் என்று பெயர், பொய்க் கையொப்பத்துக்கு கிமெய். நம் காதுக்கு அது எவ்வளவு விசித்திரமாகக் கேட்கிறது பாருங்கள், பொய்யிலும் ஒரு மெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: இரும்பு முதலில், ஓட்டைகள் அடுத்து, செதுக்கு அதற்கடுத்து, பெயர் எல்லாவற்றுக்கும் கடைசி.

போர்க்கால வாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1934இலும் 1938இலும் ஜப்பானிய ராணுவம் வகுத்த அதிகாரி வாள்களின் காப்பு வேறு மாதிரி இருக்கும். கனமான பித்தளை, அதில் செர்ரிப் பூ, எல்லாம் ஒரே அச்சு. வேணியின் படத்தில் இருப்பது அதுவல்ல. சில அதிகாரிகள் பரம்பரை வாளின் அலகை எடுத்து ராணுவப் பிடியில் மாட்டிக்கொண்டு வந்தார்கள், அது உண்மை. ஆனால் அப்போதும் காப்பு பெரும்பாலும் ராணுவத்தினுடையதாகவே இருக்கும்.

அந்த இரண்டு பக்க ஓட்டைகள்தான் எனக்குப் பிடித்த இடம். பாதி நிலா போன்றது கோஸுகா என்ற சின்னக் கத்தியின் பிடி நுழைவதற்கு. புடைப்பு உள்ளது கோகாய் நுழைவதற்கு, அது தலைமுடியை ஒதுக்கிச் சரிசெய்யும் நீளமான ஊசி போன்ற கருவி. இரண்டும் வாளுறையின் இரு பக்கத்தில் செருகியிருக்கும், வாளை உருவாமலே அவற்றை மட்டும் எடுப்பதற்காகக் காப்பில் வழி விட்டிருக்கிறார்கள். சாமுராய் தினமும் இடுப்பில் அணிந்த வாளின் ஏற்பாடு இது.

நடு ஓட்டையின் குறுகிய முனை மேலே வருமாறு திருப்பி, கையொப்பம் உள்ள முகத்தை மறுபடி படம் எடுங்கள். அலகின் கூர்ப்பக்கம் அந்த முனையில் வரும், பார்வைக்கு வைப்பதும் அப்படித்தான். பாதி நிலா உங்கள் இடப்பக்கம் வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அறை விளக்கை அணைத்துவிட்டு கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாகக் காட்டுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். இல்லாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்து மெத்தென்ற பென்சிலால் தேய்த்து எடுங்கள். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பார்களே, அதே முறைதான், ஜப்பானியரும் வாள் கையொப்பத்துக்கு இப்படிப் படி எடுத்து வைப்பார்கள்.

அப்புறம் வெட்டிய இடங்களின் உள்சுவர், விளிம்பு, நடு ஓட்டையின் மேலும் கீழும், இவற்றை நெருக்கமாக எடுத்துப் போடுங்கள். என்ன தேட வேண்டும் என்பதைப் படம் வந்த பிறகு சொல்கிறேன். முன்பே சொன்னால் கண் அதையே பார்க்கும்.

செங்காங் வேணி:

நன்றி ஐயா. பெரியம்மாவிடம் உங்கள் வரிகளை அப்படியே வாசித்துக் காட்டினேன். "அவர் சொன்னால் சரி, விளக்கு மட்டும் துலக்குகிறேன்" என்று விட்டுவிட்டார். குறுகிய முனையை மேலே திருப்பியதும் பாதி நிலா இடப்பக்கம் வந்தது. புதுப் படங்களும் பென்சில் படியும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி பாதி உள்ள எழுத்துகள் இரண்டும் இப்போது கீழ்க்கோடியில் இருக்கின்றன.

தெம்பனிஸ் மாலதி:

இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எழுத்தைப் படிக்க முடியும். ஆறு வருடம் ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். வேணியின் பென்சில் படி ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

வேணி கவனித்த அந்தப் பொதுவான பாதிதான் திறவுகோல். அது மனிதனைக் குறிக்கும் உறுப்பு, ஒரு சாய்கோடும் அதன் கீழே ஒரு நேர்கோடும். எழுத்தின் இடப்பக்கம் நிற்கும். வலது வரிசையின் கடைசி எழுத்தில் அதன் பக்கத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே மூன்று கிடைக்கோடு, நடுவே ஒரு நேர்கோடு. அது ஜூ, "வசிப்பவர்" என்று பொருள். இடது வரிசையின் கடைசி எழுத்து சாகு, "செய்தது". அப்படியானால் இது "இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் செய்தது" என்ற வாய்பாடு. ஜப்பானியத்தை மேலிருந்து கீழாகவும் வலமிருந்து இடமாகவும் படிக்க வேண்டும், எனவே ஊர் வலப்பக்கம், பெயர் இடப்பக்கம்.

ஊர் எச்சிசென். பழைய நாட்டுப் பிரிவின் பெயர் அது, இன்றைய ஃபுகுய் மாநிலத்தில் வருகிறது. பெயர் இரண்டெழுத்து. இரண்டாவது எழுத்து கீழே திறந்த ஒரு பெட்டிக்குள் ஆள் நிற்பது போல இருக்கும், "உள்ளே" என்று பொருள், சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் எழுத்து. முதலாவது "எழுதி வைப்பது" என்ற பொருள் கொண்டது. சேர்த்து கினாய். ஆக முழு வாசகம்: எச்சிசென் ஜூ கினாய் சாகு, எச்சிசெனில் வசிக்கும் கினாய் செய்தது.

தேதி எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், அடுத்த முகத்தில் எழுத்தே கிடையாது.

ஜூரோங் செல்வம்:

பித்தன் அண்ணா, திரவம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நல்ல வேளை வேணி அவசரப்படவில்லை. மாலதி பெயரைப் படித்ததும் நானும் தேடினேன். அந்த வெற்றிலை வெற்றிலை அல்ல, அவோய் என்ற செடியின் இலை, மூன்று இலை சேர்ந்த வட்டம் ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஷோகுன்களின் குலச்சின்னம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இது ஷோகுன் வீட்டுப் பொருளா? லட்சக்கணக்கில் போகுமா?

இரும்புப் பித்தன்:

மாலதி, மிக்க நன்றி. நான் கினாயாக இருக்கலாம் என்று இலையைப் பார்த்தபோதே நினைத்தேன், பெயர் படிக்கும்முன் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செல்வம், கொஞ்சம் பொறுங்கள். எச்சிசெனை ஆண்டவர்கள் மட்சுதைரா குடும்பம், அந்த ஷோகுன் வரிசையைத் தொடங்கிய தொகுகாவா இயேயாசுவின் இரண்டாவது மகன் ஹிதேயாசுவின் வழியினர். ஆக அந்த நாட்டில் அவோய் இலைக்குத் தனி மரியாதை இருந்தது, அங்கே வேலை செய்த கினாய்க் கைவினைஞர்கள் அந்த இலையைத் திரும்பத் திரும்பச் செதுக்கினார்கள். டிராகன் உடல் வளைந்து வட்டமாகச் சுற்றும் காப்பும் அவர்கள் கைக்குப் பேர்போனது. ஆனால் குலச்சின்னம் என்பது குறிப்பிட்ட வரிசையில் அமைந்த மூன்று இலை. இங்கே இலைகள் கொடியோடு இஷ்டத்துக்குப் படர்கின்றன, இது அலங்காரம். இந்த இலையைப் பார்த்து ஷோகுன் வீடு என்று சொல்வது, அன்னப்பட்சி போட்ட குத்துவிளக்கைப் பார்த்து அரண்மனை விளக்கு என்று சொல்வது போல.

கினாய் என்பது ஒரே ஆளும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கி, தொகுகாவா ஷோகுன்கள் ஆண்ட எடோ காலம் முடியும் வரை பல தலைமுறை அதே பெயரில், அதே வாய்பாட்டில் கையொப்பமிட்டது. அதனால் பெயரைப் படித்தவுடன் பட்டறை தெரிந்துவிடுகிறது, ஆள் தெரிவதில்லை. கினாய் காப்புகள் நிறையவே கிடைக்கின்றன. நல்லது, நடுத்தரம், அவசரத்தில் செய்தது என்று எல்லாம் உண்டு. லட்சக்கணக்கு என்ற பேச்சே இல்லை, நல்ல நிலையில் இருந்தால் சில நூறு வெள்ளி. இந்தப் பெயரைக்கூட வார்ப்பில் போட்டு நினைவுப்பொருளாக விற்கிறார்கள், எனவே இது கையால் அறுத்துச் செதுக்கியதா, அச்சில் ஊற்றியதா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

வேணி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்காருங்கள். வெட்டிய இடங்களின் உள்சுவரில், கனத்தின் நடுவே, ஒரே மட்டத்தில் மெல்லிய தையல் போல ஒரு கோடு ஓடுகிறதா? ஓடினால் இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம் அது, அதோடு ஆராய்ச்சி முடிந்தது. கோடு இல்லாமல் அரம் ஓடிய கீறல் தெரிந்தால் நல்லது. இலை நரம்பின் பள்ளத்தில் குண்டூசித் தலை அளவு குமிழ்க்குழிகள் இருந்தால் அது வார்ப்பு. எழுத்தின் ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். உளி வெட்டும்போது இரும்பு ஒதுங்கி ஓரத்தில் மேடாக நிற்கும், கோடு தொடங்கும் இடம் ஒரு பக்கம் ஆழமாக ஆப்பு வடிவில் இருக்கும். வார்ப்பு எழுத்தின் அடி உருண்டு மழமழவென்றிருக்கும்.

பிறகு நடு ஓட்டை. அதன் மேலும் கீழும் செம்புத் துண்டு ஏதாவது பதித்திருக்கிறதா, சுற்றிலும் உளியால் குத்திய தழும்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வாளுக்குச் செய்த காப்பை இன்னொரு வாளுக்கு மாற்றும்போது ஓட்டை தொளதொளப்பாக இருக்கும், செம்பைச் செருகியோ ஓரத்தைக் குத்தி உள்ளே தள்ளியோ இறுக்குவார்கள். ஓட்டையைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறித் தேய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். காப்பின் இரண்டு பக்கமும் செப்பா என்ற மெல்லிய தகட்டு வளையம் அழுத்தி உட்காரும், வருடக்கணக்கில் உட்கார்ந்தால் தடம் விழும்.

காந்தமும் வைத்துப் பாருங்கள், ஆனால் அது ஒட்டுவதால் இரும்பு என்று மட்டும்தான் தெரியும், பழசு என்று ஆகாது. வார்ப்பிரும்பும் ஒட்டும். ஷகுதோ என்று செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து செய்த கறுநீல உலோகம் ஒன்று உண்டு, அதில் செய்த உயர்ந்த காப்புகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

செங்காங் வேணி:

நேற்று இரவு தம்பியின் உருப்பெருக்கியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், பெரியம்மா டார்ச் பிடித்தார். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

உள்சுவரில் தையல் கோடு இல்லை. எல்லா வெட்டிலும் பார்த்தேன், பதினொரு இடம். சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக நுண்கீறல்கள் இருக்கின்றன, சில இடத்தில் அவை தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. குமிழ் எதுவும் இல்லை. எழுத்தின் ஓரம் நகத்தில் தட்டுகிறது, கினாய் என்பதன் இரண்டாவது எழுத்தில் பெட்டியின் மூலை நன்றாகத் தெரியும்படி மேடாக இருக்கிறது. நடு ஓட்டையில் மேல் முனையில் செம்புத் துண்டு ஒன்று, கீழே இருந்த துண்டு விழுந்துவிட்டது போல, அதற்கான பள்ளம் மட்டும் இருக்கிறது. குத்திய தழும்புகள் இருக்கின்றன, ஒரு தழும்பு "வசிப்பவர்" எழுத்தின் ஒரு கோட்டைத் தொட்டு மழுக்கியிருக்கிறது. முட்டை வடிவத் தடம் இரண்டு முகத்திலும் உண்டு, எழுத்து இல்லாத முகத்தில் அதிகம்.

இலைகளில் இரண்டு மற்றவற்றைவிட மேலே எழும்பி நிற்கின்றன, அவற்றின் நுனி மட்டும் தேய்ந்து மினுங்குகிறது. பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மிக் குழவியின் பிடி மாதிரி இருக்கிறது" என்றார்.

இரும்புப் பித்தன்:

வேணி, இதைவிட நல்ல அறிக்கையை எனக்கு யாரும் எழுதி அனுப்பியதில்லை.

அந்தத் தழும்பு எழுத்தைத் தொட்டு மழுக்கியிருக்கிறது என்ற ஒரு வரி எனக்குப் போதும். முதலில் பெயர் வெட்டப்பட்டது, பிறகு ஒருநாள் வாளில் பொருத்துவதற்காக அதன்மேல் உளி விழுந்தது. பழசு போலத் தோன்ற வேண்டும் என்று தழும்பு போடுபவர், விலை பேசித் தரும் எழுத்தைக் கெடுக்க மாட்டார். கீழே காலியாக இருக்கும் பள்ளமும் அப்படித்தான். இது குறைந்தது ஒரு வாளிலாவது உண்மையாக இருந்த காப்பு, இரண்டு வாளாகவும் இருக்கலாம். பெரியம்மாவுக்கு நல்ல கண், இரும்பு பார்ப்பவர்கள் தேடுவது அந்த அம்மிக் குழவித் தேய்மானத்தைத்தான்.

என் முடிவு: கையால் அறுத்துச் செதுக்கிய இரும்பு, எச்சிசென் கினாய்ப் பட்டறை, எடோ காலம். முதல் தலைமுறையின் கை என்று சொல்ல மாட்டேன், ஆசை காட்டும் எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். இலையின் செதுக்கு நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் கொடி வளையும் இடங்களில் ஒரே அச்சைத் திரும்பப் போட்டது போன்ற பழக்கம் தெரிகிறது, நிறையச் செய்து கை படிந்த பட்டறையின் வேலை. 1700க்கும் 1850க்கும் நடுவே என்று எழுதி வைப்பேன், பென்சிலால்.

இதைவிடக் குறுக்க வேண்டுமானால் டோக்கியோவில் வாள் அருங்காட்சியகத்தை நடத்தும் சங்கம் இருக்கிறது, 1948இல் தொடங்கியது, அங்கே ரியோகொகு வட்டாரத்தில் இருக்கிறார்கள். பொருளை நேரில் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். ஆனால் அனுப்பி வாங்கும் செலவும் கட்டணமும் சேர்த்தால் காப்பின் விலையைத் தொட்டுவிடும். விற்கும் எண்ணம் இல்லையென்றால் நான் அனுப்ப மாட்டேன். அந்தச் செலவில்லாமல் கண்ணைப் பழக்க வழி இருக்கிறது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் மூன்றும் தங்களிடம் இருக்கும் ட்சுபாக்களைப் படத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. தினம் பத்து பாருங்கள். இரண்டு மாதத்தில் இந்தக் காப்பை நீங்களே வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

சித்தப்பாவின் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பு போருக்கு முந்தையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது சிங்கப்பூருக்கு 1942இல்தான் வந்திருக்க வேண்டும் என்றில்லை. 1876இல் ஜப்பானின் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது, அதற்குப் பிறகு வாளிலிருந்து கழன்ற காப்புகள் ஏராளமாக விலைக்கு வந்து ஐரோப்பா வரை போயின. இங்கேயும் போருக்கு முன்பே மிடில் ரோடு வட்டாரத்தில் ஜப்பானியர் கடையும் வீடுமாக வாழ்ந்தார்கள், ஹவ்காங்கில் இருக்கும் ஜப்பானியர் இடுகாடு 1891இல் தொடங்கியது. யாருடைய பெட்டியிலும் வந்திருக்கலாம். பெரியப்பாவின் அந்த ரசீதுக் கட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிடோக் குமரன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பராமரிப்பு பற்றி நான் சொல்லலாம், புகைப்படக் கருவிகளும் பழைய இரும்புப் பூட்டுகளும் சேர்ப்பவன். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். டின்னில் திரும்ப வைக்காதீர்கள். கேமராவுக்கு விற்கும் உலர்பெட்டி இருந்தால் 45 சதவீதத்தில் வைத்து அதில் போடுங்கள், வேறெதுவும் வேண்டாம். வெறும் விரலால் தொட்டால் வியர்வை உப்பு தங்கும், பார்த்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்தச் சிவப்புத் துரு மட்டும் தின்று கொண்டே போகும், அதை விடக்கூடாது. கறுப்புத் துரு வேறு, அது காவல். பழைய புத்தகங்கள் சிவப்புத் துருவைத் தந்தத் துண்டால் சுரண்டச் சொல்லும். இங்கே 2021 செப்டம்பர் 1 முதல் தந்த விற்பனைக்குத் தடை, அது வேண்டவும் வேண்டாம். மான் கொம்போ காய்ந்த எலும்புத் துண்டோ மூங்கில் குச்சியோ போதும். இரும்பைக் கீறாத அளவு மென்மையானது, தளர்ந்த துருவைச் சுரண்டும் அளவு கெட்டியானது, அதுதான் கணக்கு. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு மூங்கிலால் மெதுவாகத் தேய்க்கலாம்.

இரும்புப் பித்தன்:

குமரன் சொல்வதில் எண்ணெய் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு. அலகுக்கு எண்ணெய், காப்புக்கு வேண்டாம் என்பது என் கட்சி. செதுக்கின இடுக்கில் எண்ணெய் தங்கி, தூசி ஒட்டி, நம் ஈரத்தில் பிசுக்காகி, கறுப்பின் ஆழத்தை மறைத்துவிடுகிறது. அந்தப் பயறளவு இடத்தில் மட்டும் ஊசி முனையால் தொட்டு வைத்து, வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்துவிடுவதானால் சரி. மூங்கிலால் தேய்ப்பதும் தினம் ஐந்து நிமிடம், ஒரே உட்காரலில் முடிக்க நினைக்காதீர்கள். மற்ற இடத்துக்குப் பழைய வேட்டித்துணிதான் நல்லது, பெரியப்பா சரியானதில்தான் சுற்றி வைத்திருக்கிறார்.

பிடோக் குமரன்:

சரி அண்ணா, ஊசி முனை அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். பூட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டுதான், பூட்டில் இவ்வளவு இடுக்கு கிடையாது.

செங்காங் வேணி:

பத்து நாள் கழித்து வருகிறேன். சிவப்பு இடம் பாதிக்கு மேல் போய்விட்டது, அடியில் கறுப்பு அப்படியே இருக்கிறது, மூங்கில் ஐஸ்கிரீம் குச்சியைச் சீவித்தான் தேய்க்கிறேன். தம்பி தன் உலர்பெட்டியில் கீழ்த்தட்டை விட்டுக்கொடுத்தான்.

ரசீதுக் கட்டை முழுக்கப் பிரித்தோம். காப்புக்கு ரசீது இல்லை. ஆனால் தாள்களைப் பார்க்கப் பார்க்கப் பெரியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிவிட்டு அப்படியே நடந்து சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குப் போவாராம், 2017 ஜூலையில் மூடினார்களே, அதே சந்தை. ஒருநாள் மீன்பையிலேயே இந்த வட்டையும் போட்டுக் கொண்டுவந்து திட்டு வாங்கினார், எதற்கு இது என்று கேட்டதற்கு "இலையைப் பார், வெற்றிலை மாதிரியே செய்திருக்கிறான்" என்றாராம். அக்கா பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம் அது, எனவே 1988. விலை பன்னிரண்டு வெள்ளி, பெரியம்மாவுக்கு அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த வாரம் மீனுக்கு ஆனதைவிட அதிகம் என்பதால்.

சித்தப்பாவிடம் சொன்னோம். அவர் கேட்ட கதை வேறு யாரோ வீட்டு வாளைப் பற்றியதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

பித்தன் ஐயா சொன்னபடி ஒரு சீட்டு எழுதிக் காப்போடு வைத்துவிட்டேன். முதல் வரி மாலதி அக்கா படித்த வாசகம், தமிழில். இரண்டாவது வரி: எச்சிசென் கினாய்ப் பட்டறை, இரும்பு, எடோ காலம், ஏறத்தாழ 1700 முதல் 1850. இந்த வரி பென்சிலில். மூன்றாவது வரி பேனாவில், பெரியம்மா கையெழுத்திலேயே: சுங்கை ரோடு, 1988, பன்னிரண்டு வெள்ளி, மீன்பையில் வந்தது.